பல் டாக்டரின் தோள்பட்டை

பல் டாக்டருக்கு உலகத்தில் ஆகாத பொருட்கள் இரண்டு. ஒன்று, பல் இடுக்கைக் குத்துகிற பல்குச்சி. அதை வைத்து நோண்டி நோண்டி ஈறைப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் மேல் எரிந்து விழுவார். இன்னொன்று, ஊசி. முதலாவதை ஊருக்கே சொல்வார், இரண்டாவதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாயில் ஊசி போட்டுப் பிழைக்கிற ஆள், தனக்கு ஊசி என்றால் கை கால் உதறும் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்? "சும்மா எறும்பு கடிக்கிற மாதிரிதாங்க இருக்கும்" என்று தினமும் வாய் கூசாமல் சொல்லிச் சொல்லி, அந்த எறும்பின் மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. சின்ன வயதில் தடுப்பூசி போடுவதற்கு அவரை அமுக்கிப் பிடித்தவளும், அதற்காக மணிக்கட்டில் கடி வாங்கியவளும் அவள்தான். அவள் இப்போது ஊசி குத்துவதையே தொழிலாக வைத்திருந்தாள். அக்குபஞ்சர். இரண்டு பேருக்கும் ஒரே மாடியில் எதிரெதிர் அறை, நடுவில் பொதுவாக ஒரு காத்திருப்புக் கூடம். பல்வலிக்காரரும் முட்டிவலிக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகைகளைப் புரட்டுவார்கள்.

"எதிர் ரூம்ல முட்டி வலிக்குக் காதுல குத்துறாங்களாம். அப்ப பல்வலிக்கு நான் உங்க செருப்புல ஓட்டை போடட்டுமா?" என்று நோயாளியிடம் கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார் பல் டாக்டர். எதிராளியின் வாயில் கண்ணாடியும் கருவியும் இருக்கும், பதில் சொல்ல வழியிருக்காது. அக்குபஞ்சர் பற்றிய எந்த விவாதத்திலும் அவர் தோற்காததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவருக்கு வலது தோள் இறுகிப்போனது. முதலில் சட்டை மாட்டும்போது சுருக்கென்றது. பிறகு சீப்பு தலைக்குப் போகவில்லை, தலை சீப்புக்குக் குனிந்தது. கீழ்ப்பல்லை எப்படியோ சமாளித்தார். மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க முழங்கையைத் தூக்கியாக வேண்டும், அது முடியவில்லை. நாற்காலிக்கு மேலே தொங்கும் விளக்கை இழுப்பதற்குக்கூட நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. மேல்பல் நோயாளிகளை எல்லாம் அடுத்த தெரு டாக்டரிடம் அனுப்பினார். போனவர்கள் கீழ்ப்பல்லுக்கும் அங்கேயே தங்கிவிட்டார்கள். இந்தக் கை எழும்பாவிட்டால் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். பல்லைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தப் பயம் வலியைவிட அதிகமாக அவரைப் பிடுங்கியது.

எலும்பு டாக்டர் பார்த்தார். "மூட்டுக்குள்ள ஒரு ஊசி போட்டுடலாம், எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் பல் டாக்டர். அதைச் சொல்லும்போது பாதிப் படி இறங்கியிருந்தார். மாத்திரையும், சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் ஒரு பயிற்சியும்தான் மிச்சம்.

அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். "வாடா, நான் பாக்கறேன். என்னோட ஊசி முடி மாதிரிதான் இருக்கும்."

"முடியோ கம்பியோ, அது வேலை செய்யும்னு நிரூபணம் வேணும்."

"சரி, என்ன பண்ணணும்?"

உடனே பல் டாக்டருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார். அக்காவின் ஊசி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் வழியாகத்தான் தோலைத் தொடும். சில நாள் அந்தக் குழாயில் நிஜ ஊசி, சில நாள் வெறும் பல்குச்சி. அது தோலில் முட்டும், உள்ளே போகாது. எது என்றைக்கு என்று அவருக்குச் சொல்லக்கூடாது. கண்ணில் துண்டு கட்டிக்கொண்டு படுப்பார். வலி என்றைக்குக் குறைகிறது என்று பார்த்துக் கடைசியில் ஒப்பிட வேண்டும். "ஆராய்ச்சின்னா இப்படித்தான்க்கா பண்ணுவாங்க" என்றார் தோரணையாக. சில நாளாவது குத்து வாங்காமல் தப்பிக்கலாம் என்ற கணக்குதான் ஆராய்ச்சி வேஷம் போட்டிருக்கிறது என்று அவர் மனசுக்கு நன்றாகவே தெரியும்.

தினமும் துண்டுக்கடியில் படுப்பார். தோளில் டொக் என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். ஊசி நட்டுக்கொண்டு நிற்கிறதோ என்னவோ என்று மூச்சைக்கூட அளந்து விட்டபடி அரைமணி நேரம் அசையாமல் கிடப்பார். அவர் வாழ்க்கையில் பேசாமல் படுத்திருந்த அரைமணிகள் அவை மட்டும்தான்.

"இன்னைக்கு நிஜ ஊசி. தோள்லேர்ந்து சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் ஓடுச்சு" என்று வந்து நர்ஸிடம் சொல்வார். இன்னொரு நாள், "இது வெறும் பல்குச்சி. நாள் பூரா ஊசி போடற எனக்கா தெரியாது?" என்பார். நர்ஸ் தலையாட்டுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கை மெல்ல இளகியது. சீப்பு தலைக்குப் போனது. கை காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மட்டும் அசைய மறுத்தது. விளக்கு இன்னும் எட்டாத உயரத்திலேயே தொங்கியது. இருந்தாலும் பாதி வெற்றியோடு அக்காவின் அறைக்குள் நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒத்துக்கறேன்க்கா. கரண்ட் ஓடின நாளெல்லாம் வலி குறைஞ்சுது. உன் ஊசி வேலை செய்யுது. இத்தனை நாள் கிண்டல் பண்ணினதுக்கு மன்னிச்சுக்கோ." இதைச் சொல்ல அவர் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்திருந்தார்.

அக்கா அவரைப் பார்க்காமல் கை துடைத்தாள். "எல்லா நாளும் பல்குச்சிதான்டா."

"என்னது?"

"முதல் நாள் ஊசியத்தான் எடுத்தேன். நீ துண்டுக்குள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு, கட்டிலோட விளிம்பைப் புடிச்சுக்கிட்டு கிடந்த. சின்ன வயசுல உன்னை அமுக்கிப் புடிச்சேனே, அதே மூஞ்சி. எனக்குக் கை வரலை. அடுத்த நாளும் வரலை."

தான் ஆயுள் முழுக்க எதிர்த்துப் போராடிய பல்குச்சியா தன் தோளைக் காப்பாற்றியது! அவமானத்தில் காது சூடேறியது. அடுத்த கணமே இன்னொன்று உறைத்தது. ஊசி இல்லாமலே கை தேறிவிட்டது. அப்படியென்றால் இத்தனை வருஷமாக அவர் சொன்னதுதான் சரி. எழுந்து குதித்திருக்க வேண்டும்.

"அப்ப என் ஊசி சும்மாதானா?" என்று அக்கா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. இந்த அறைக்குள் வந்து ஆறுதலோடு திரும்பிய ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டு கேட்பது போலிருந்தது. வாயில் கருவி இல்லாத ஒருத்தியிடம் வாதாடிப் பல் டாக்டருக்குப் பழக்கமில்லை.

"தெரியலைக்கா. மாத்திரை சாப்பிட்டேன், சுவத்துல விரலை ஏத்தினேன், தினம் உன்கிட்ட வந்து படுத்தேன். தோளும் தானா சரியாகியிருக்கலாம். என் ஒருத்தனை வச்சு எதையும் சொல்ல முடியாது. அதுலயும் என் ஆராய்ச்சியில ஊசியே இல்லை." சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். "ஒரு தடவையாவது நிஜமா குத்திப் பாத்தாத்தானே நியாயம்? குத்து. துண்டு வேணாம், நான் பாக்கணும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அக்கா உறையைப் பிரித்தாள். ஊசி முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். அவள் அதை விரலில் பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், "எறும்பு கடிக்கிற மாதிரிதான்டா இருக்கும்" என்றாள்.

"அய்யோ அம்மா!"

கூடத்தில் பத்திரிகை ஒன்று கீழே விழுந்தது. யாரோ கதவை லேசாகத் திறந்து, "பல்லு புடுங்கறது இங்கயா?" என்று கேட்டுவிட்டு மூடினார்கள்.

"இன்னும் தொடவே இல்லடா" என்றாள் அக்கா. பிறகு அவள் பார்வை அவர் தலைக்கு மேலே போய் அங்கேயே நின்றது. பல் டாக்டரும் அண்ணாந்து பார்த்தார். துப்பாக்கியைக் கண்டவர் போல அவர் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். வலது கை இடது கைக்குச் சமமாக, விறைப்பாக, விளக்கு இருந்தால் எட்டிவிடும் உயரத்தில் நின்றது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையை இறக்க மனசு வரவில்லை.

"ஊசி வேலை செய்யுதுக்கா" என்றார். "குத்திடாத."