பசைக் கம்பெனி முதலாளி

"தன்னந்தனி ஆளாக உழைத்து, பசைத் தொழிற்சாலையை உருவாக்கியவர்" என்று பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய இரங்கல் அறிவிப்பை மகன் உரக்கப் படித்தபோது, அவள் கணவரின் கால்மாட்டில் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விரிப்பை வெடுக்கென்று இழுத்துவிட்டாள்.

"கல்நெஞ்சக்காரி. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வருதா பாரு," என்று நாத்தனார் நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள்.

வரவில்லைதான். வந்தால் அதுதான் பொய். முதல் பசையைக் காய்ச்சியது அவள், அவளுடைய சமையலறையில், அவளுடைய பாத்திரத்தில். இரண்டு விரலால் தொட்டு இழுத்து, இழை எவ்வளவு தூரத்தில் அறுகிறது என்று பார்த்துப் பதம் சொல்ல அவளுக்குத்தான் தெரியும். அவர் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். வாயாலேயே கடை கடையாகப் பிடித்தார். அதை அவள் இல்லையென்று சொல்லமாட்டாள். பெரிய தொட்டி வந்து பத்து ஆட்கள் சேர்ந்ததும், "இனிமே நீ வீட்டைப் பாரு" என்று வெளியே அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஃபோர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முதலாளியின் உடல் முன் தலைகுனிந்து நின்றுவிட்டு மகனிடம் போனார்.

"இந்த நேரத்துல பேசக்கூடாதுதான் தம்பி. தொட்டியில இருக்கற பசை சரியில்லன்னு தோணுது. சோடா கம்பெனி லாரி வந்து நிக்குது. முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து ரெண்டு தடவை அவங்க பாட்டில்ல ஒட்டின லேபிள் உரிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை ஆனா நம்மள விட்டுடுவாங்க. அவங்க விட்டா ஃபேக்டரியை மூட வேண்டியதுதான்."

"அப்பா எப்படிச் சோதிப்பாரு?"

"அங்க சோதிக்க மாட்டாரே. சாயங்காலம் டப்பாவுல வீட்டுக்கு எடுத்துட்டு வருவாரு. காலையில 'சரி'ன்னு சொன்னாதான் லாரியில ஏத்துவோம். வீட்டுல என்ன மெஷின் வச்சிருந்தாரோ."

மகன் திருதிருவென்று விழித்தான். அவள் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

தினமும் சாப்பாட்டு மேஜையில் டப்பாவையும் ஒரு காலிப் பாட்டிலையும் வைத்து, "எங்க, ஒட்டு பார்ப்போம்" என்பார். வேலையைப் பிடுங்கிக்கொண்டு கிண்டல் வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சளி மாதிரி இருக்கு, கொண்டுபோய்க் கொட்டுங்க" என்று எரிந்து விழுவாள். எப்போதாவது வாய் தவறி, "இன்னைக்குத் தேவலை" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். அவள் வாயை வைத்தே இத்தனை வருஷம் கம்பெனி நடத்தியிருக்கிறார், பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. உயிரோடு இருந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பாள்.

எல்லாம் அவரோடு சேர்ந்து தொலையட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே கெட்டுக் கிடப்பது அவள் பசை.

"வண்டியை எடுங்க," என்றாள் ஃபோர்மேனிடம்.

"அண்ணி! அண்ணனை எடுக்கற நேரத்துல எங்க போறீங்க? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாப்பது பேரா வந்து சொல்லட்டும்."

தொழிற்சாலையில் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் தொட்டியில் இரண்டு விரலை விட்டு எடுத்து இழுத்தாள். இழை அரை அங்குலம்கூட வராமல் அறுந்தது.

"அவசரப்பட்டுத் தீயைக் கூட்டியிருக்கீங்க. கொட்ட வேணாம். குறைச்சு வச்சு, நிறுத்தாம கிளறுங்க. எவனாவது தண்ணி ஊத்தினா கையை ஒடிச்சுடுவேன்."

ஃபோர்மேன் முதலாளியின் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தொட்டியருகே நின்றாள்.

மகன் போனில் கூப்பிட்டான். "அம்மா, வண்டி வந்துடுச்சு. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க."

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் அப்பா..."

"இருக்கட்டும். அவருக்கு வேற என்ன வேலை?"

மகன் போனைக் கையில் வைத்துக்கொண்டே யாரிடமோ ஏதோ சொன்னான். வீட்டு வாசலில் நின்ற அமரர் ஊர்தியின் இஞ்சின் அணைவது அவளுக்குப் போனில் கேட்டது.