தட்டு ஆடவில்லை

"மெஷின் ஓடுற சத்தம் கேக்குதுல்ல மாப்பிள்ளை? அப்புறம் என்ன? உக்காருங்க."

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மச்சான் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். மேல் மாடியில் அவனுடைய தங்கை படுத்திருந்தாள். மருந்து ஏற ஏற, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அவள் கணவனான மாப்பிள்ளை முந்தாநாளே தன் தட்டணுக்களைக் கொடுத்திருந்தான். அவளுக்குச் சேருகிற பை அது ஒன்றுதான்; மெஷின் பெட்டிக்குள், மோட்டார் ஆட்டும் தட்டின்மேல் இருந்தது.

"ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னும் பத்திரம் இல்லையா மச்சான்?"

"ஐயையோ, குளிர்ல செத்துரும். இந்த அறைச் சூட்டுல ஆடிக்கிட்டே இருக்கணும். சும்மா கெடந்தா கெட்டுப்போயிரும்."

"உங்க தங்கச்சி மாதிரின்னு சொல்லுங்க. அவளும் ஒரு எடத்துல நிக்க மாட்டா."

இருவரும் சிரித்தார்கள். போன் அடித்தது. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை, பையை அனுப்புங்கள் என்றாள் நர்ஸ்.

மச்சான் பையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து மெல்ல அழுத்தினான். நல்ல பை என்றால் உள்ளே புகை சுழல்வதுபோல் மினுமினுக்கும். இது சோப்புத் தண்ணீர் மாதிரி மந்தமாகக் கிடந்தது. மறுபடி அழுத்தினான்.

"என்ன மச்சான்?"

மச்சான் பெட்டிக்குள் குனிந்தான். மோட்டார் ஓடியது. தட்டு ஆடவில்லை. தட்டின் ஓரத்தில் சொருகியிருந்த, மடித்த கைக்குட்டை ஒன்றை உருவினான்.

"யாரு பாத்த வேலை இது?"

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்தது. "நாந்தான். கீச்சு கீச்சுன்னு உசுர வாங்குதுன்னு அன்னைக்கு நீங்கதான திட்டிக்கிட்டு இருந்தீங்க. சொருகினேன், கீச்சு நின்னுது. மோட்டார் ஓடுச்சு, அதான்..."

"நானும் மோட்டாரைத்தான்யா கேட்டுக்கிட்டு இருந்தேன். கண்ணால பாக்கல."

"இப்பவே எங்கிட்ட இன்னொரு பை எடுங்க."

"எடுத்து, சோதிச்சு அனுப்பறதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்."

"அப்ப இதையே குடுத்துருவோம். ஒண்ணுமில்லாததுக்கு..."

"உள்ள கிருமி வளந்திருந்தா? தாங்குற உடம்பா அது?"

மறுபடி போன். மாப்பிள்ளை அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கலன்னு நெனச்சுக்கங்க."

மச்சான் கையை விடுவித்து, பையைக் கழிவுத் தொட்டியில் போட்டான்.

"பை இல்ல சிஸ்டர். கெட்டுப்போச்சு."

"இப்ப வாயிலயும் வருதே! பேசறது யாரு, அவங்க அண்ணனா?"

"ஆமா."

நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "அவங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு மேல வந்துருங்க" என்றாள்.