தாசில்தாருக்குப் பதில் ஆள்

சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலையில், ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகும் முத்துமீனா பூனையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகம் இரண்டு வாரப் பயிற்சி வகுப்புக்கு அவளை அனுப்புகிறது. பசுமலையில் அவர்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் இனி அவள் கணவன் அழகுபாண்டியும் பூனையும் மட்டும்தான்.

“காலையிலயும் சாயங்காலமும் அது வெளிக்கிப் போற மண்ணுத் தட்டச் சுத்தம் பண்ணணும். தண்ணிக் கிண்ணத்தச் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீக, நம்மாளுக்குப் பிடிக்காது. பால் ஊத்தாதீக, வயித்தால போகும். சாயங்காலம் கொஞ்ச நேரம் கூட விளையாடணும். பால்கனிக் கதவ மட்டும் திறந்து போட்டுராதீக.”

“பூனைக்கு இம்புட்டு விளக்கமா?” என்று சிரித்தான் அழகுபாண்டி. “எங்க கல்லுப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு ரெண்டு பூனை திரியும். எவன் அதுகளோட உக்காந்து விளையாண்டான்? அதது பாட்டுக்கு எலியப் பிடிச்சுத் தின்னுட்டுக் கிடக்கும். நீ நிம்மதியாப் போயிட்டு வா.”

முத்துமீனா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

பூனையின் பெயர் தாசில்தார். சாம்பல் உடம்பில் கறுப்பு வரிகள், வலது முன்னங்காலில் மட்டும் சாக்ஸ் மாட்டியது போல் வெள்ளை. தெருவில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்து, ஊசி போட்டு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்து முத்துமீனா வளர்த்தாள். காலையில் ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்த்துவிட்டு, எதுவும் திருப்தியில்லாத முகத்தோடு சோபாவில் போய் உட்காருவதால் அந்தப் பெயர். அழகுபாண்டிக்கும் அதற்கும் பெரிய உறவு எதுவும் கிடையாது. ஒரே வீட்டில் குடியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அழகுபாண்டி பழங்காநத்தத்தில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். ஆயிரம் திருகாணியில் எது எந்த வண்டிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவனுக்கு ஒரு பூனை எம்மாத்திரம்? முதல் நாளே ஒரு கிண்ணம் நிறையப் பாலை ஊற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். தாசில்தார் நக்கிக் குடித்தார். சாயங்காலம் அழகுபாண்டி கதவைத் திறந்தபோது வீட்டின் வாடை அவனைப் படியிலேயே நிறுத்தியது. மண்தட்டு ஏற்கெனவே நிறைந்திருந்ததால், பாலின் பலனைத் தாசில்தார் குளியலறை மிதியடியில் இறக்கியிருந்தார்.

அதைத் துடைக்கும்போதே அழகுபாண்டிக்கு அடுத்த யோசனை வந்தது. பூனையைக் குளிப்பாட்டினால் என்ன? தன் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து, தாசில்தாரைத் தூக்கி வாளித் தண்ணீரில் இறக்கினான். பிறகு நடந்ததை அவனால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை. வாளி கவிழ்ந்தது, பனியன் கிழிந்தது, முழங்கையில் ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடுகள் விழுந்தன. தாசில்தார் பீரோவுக்கு மேல் ஏறி உட்கார்ந்து, ஈர வாலை முறுக்கியபடி அவனையே பார்த்தார்.

மறுநாள் காலையில் நனைந்த மிதியடியைப் பால்கனியில் காயப் போட்ட அழகுபாண்டி கதவைச் சாத்த மறந்தான். கடையிலிருந்து திரும்பியபோது பீரோ மேல் யாரும் இல்லை. சோபாவிலும் இல்லை, கட்டிலடியிலும் இல்லை. பால்கனிக்கு அருகில் சாய்ந்திருந்த முருங்கை மரக்கிளை ஒடிந்து தொங்கியது.

ஒரு கருவாட்டைக் கையில் பிடித்தபடி தெருத் தெருவாக இறங்கினான்.

“தாசில்தார்! ஏ தாசில்தார்! எங்கய்யா இருக்கீரு?”

சைக்கிளில் போன ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று, கருவாட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, தாலுகா ஆபீஸ் இந்தப் பக்கம் இல்லையே. அதோட, கருவாட்டுக்கெல்லாம் காரியம் நடக்காதுப்பா” என்று சொல்லிவிட்டு மிதித்துப் போனார்.

கீழ்வீட்டு ஒச்சாயி அக்காவிடம் கேட்டான். கணவரை இழந்து தனியாக இருக்கிறவர், பள்ளிக்கூடத்தில் சத்துணவுப் பொறுப்பாளர். ஜன்னலை ஒரு சாண் மட்டும் திறந்து, “பூனையா? நான் எங்கப்பா பாத்தேன்?” என்றார். வழக்கமாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கிறவர் அன்றைக்குச் சட்டென்று ஜன்னலைச் சாத்தியது அழகுபாண்டிக்கு உறைக்கவில்லை. அவன் கவலை வேறு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முத்துமீனா வீடியோவில் கூப்பிடுவாள். நேற்று, “பூனை தூங்குது” என்று சமாளித்தாயிற்று. இன்றைக்கு?

அப்போதுதான் கோரிப்பாளையத்தில் அச்சகம் வைத்திருக்கும் நண்பன் ஜெயக்கொடியின் ஞாபகம் வந்தது. பேப்பரை எலி கடிக்காமலிருக்க அவன் ஒரு பூனை வைத்திருந்தான். சாம்பல் உடம்பு, கறுப்பு வரி. வண்டியை முறுக்கினான்.

“மாப்ள, எங்க பூனை ஓடிப்போச்சு, மீனாவுக்குத் தெரியாது. ஒரு ரெண்டு வாரத்துக்கு உன் பூனைய இரவல் குடு.”

“முனியாண்டியவா? பொண்டாட்டிய ஏமாத்த நகை இரவல் வாங்குவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். பூனை இரவல் இப்பத்தான்டா கேக்குறேன்” என்று ஜெயக்கொடி வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். ஆனாலும் ஒரு காய்கறிக் கூடையில் முனியாண்டியை வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டிக் கொடுத்தான்.

முனியாண்டி சாதுவான பூனை. குறை ஒன்றே ஒன்று, முன்னங்கால் வெள்ளையாக இல்லை. அழகுபாண்டி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்து, வலது காலில் பதமாகப் பூசினான். போன் அடித்தது.

“எங்க நம்மாளு? காட்டுங்க.”

மடியில் வைத்துக் காட்டினான். “இந்தா, ராசா மாதிரி இருக்காரு.”

முனியாண்டி கேமராவைப் பார்த்தது. பிறகு தன் வலது காலைப் பார்த்தது. பிறகு மிக நிதானமாக, விரல் விரலாக, இட்லி மாவை நக்கத் தொடங்கியது. அழகுபாண்டி போனை மேலே தூக்கித் தன் முகத்தைக் காட்டினான். வியர்த்திருந்தது.

முத்துமீனா வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினாள். பிறகு, “இளைச்ச மாதிரி இருக்கே. சீப்பெடுத்து முடிய வாரிவிடுங்க, நான் பாக்கணும்” என்றாள்.

வாரிவிட்டான். அன்றோடு முடியவில்லை. தினம் ஒரு கட்டளை வந்தது. குச்சி நுனியில் கயிறு கட்டி ஆட்டச் சொன்னாள். அவன் தரையில் முட்டிபோட்டு ஆட்டினான், முனியாண்டி தாவியது. “இன்னும் கொஞ்சம், எலி ஓடுற மாதிரி ஆட்டுங்க. நீங்க சாமரம் வீசுறீக.” மண்தட்டை அள்ளுவதைக் காட்டச் சொன்னாள். தண்ணீரை மாற்றச் சொன்னாள். நகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். “நுனிய மட்டும் வெட்டுங்க. உள்ள இளஞ்சிவப்பாத் தெரியுதுல்ல, அங்க கத்தரி படக்கூடாது. விரல மெதுவா அமுக்குங்க, நட்டக் கழட்டுற மாதிரி திருகாதீக.”

திட்டிக்கொண்டேதான் செய்தான். ஆனால் சில நாள் போனதும், கடையைச் சாத்தும் நேரம் வந்தால் கால் தானாக வீட்டுப் பக்கம் இழுத்தது. கதவுக்குப் பின்னால் முனியாண்டி காத்திருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை ஜன்னலோரம் தள்ளி வைத்தால் அது நன்றாகக் குடிக்கிறது என்பதை அவனே கண்டுபிடித்து, முத்துமீனாவிடம் பெருமையாகச் சொன்னான். “அப்படியா?” என்றாள் அவள், முதல்முறையாகக் கேட்பவள்போல. காலையில் தெருவில் கருவாட்டோடு தேடுவதையும் அவன் விடவில்லை. திரும்பி வந்து முனியாண்டியைத் தடவும்போது குற்றவுணர்வு நெஞ்சைக் குத்தும். வாளியில் முங்கிய அந்த முகம் எங்கே போய்ப் பட்டினி கிடக்கிறதோ?

ஒருநாள் முத்துமீனா போனில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நம்மாளுக்கு வயிறு வச்சிருக்கே.”

“பின்ன? கவனிப்பு அப்படி!” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் அழகுபாண்டி.

“நல்லாத்தான் கவனிச்சிருக்கீக. இனிமே ரெண்டு வேளைக்கு மூணு வேளையாச் சோறு வைங்க. ஒரு அட்டைப்பெட்டியில பழைய துணியப் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில வைங்க.”

“எதுக்கு?”

“சும்மா. தாசில்தாருக்குத் தனி ஆபீஸ் வேணும்ல.”

பெட்டியை வைத்தான். முனியாண்டி அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம், அலமாரிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டு அழகுபாண்டி கதவைத் திறந்தான். விசேஷங்களுக்குப் போட்டுக்கொள்ள மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் முனியாண்டி படுத்திருந்தது. பக்கத்தில் எலிக்குஞ்சு போல ஈரமாக ஒன்று நெளிந்தது. அவன் பார்க்கும்போதே இன்னொன்று வந்தது.

அழகுபாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்தான். போனை எடுத்துக் கிசுகிசுத்தான். “மாப்ள, முனியாண்டி பிள்ளை பெறுதுடா!”

“முனியாண்டியா? அவன் ஆம்பளடா!”

“நீ பாத்தியா?”

“இல்ல மாப்ள. பேரு வச்சேன், அம்புட்டுதான்.”

வாசலில் அழைப்பு மணி அடித்தது. “ஸ்ஸ்ஸ்!” என்று விரலை உதட்டில் வைத்தபடியே போய்த் திறந்தான். முத்துமீனா நின்றாள். மறுநாள்தான் வருவதாகச் சொன்னவள். அவள் கையில், கொழுத்த கன்னமும் மெத்தென்ற வயிறுமாக, வலது கால் வெள்ளையான தாசில்தார். பின்னால் ஒச்சாயி அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“முருங்க ஒடிஞ்ச அன்னைக்கே எங்க அடுப்படிக்குள்ள வந்து விழுந்துட்டாரு தம்பி. உடனே மீனாவுக்குப் போனப் போட்டேன். ‘அவருகிட்ட மூச்சு விடாதீகக்கா’ன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்ய?”

“உனக்கு மொதல்லயே தெரியுமா?” என்றான் அழகுபாண்டி.

“தாசில்தார் இட்லி மாவு பூசி நான் பாத்ததில்லையே.” முத்துமீனா செருப்பைக் கழற்றினாள். “எங்க, தனி ஆபீஸ் எங்க போட்டுருக்காரு?”

கோபப்பட வேண்டும் என்றுதான் அவனுக்கு இருந்தது. ஆனால் தாசில்தார் உயிரோடு, அதுவும் ஒரு சுற்றுப் பெருத்து நிற்பதைப் பார்த்ததும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. “மெதுவாப் பேசு. மூணாவது வருது” என்றான்.

மொத்தம் நான்கு குட்டிகள். அலமாரி அறைக்குத் தாசில்தார் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். சாத்தியது அழகுபாண்டிதான், இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு. அந்த வாரமே பால்கனிக்கு வலையும் அடித்தான். தாசில்தார் மட்டும் அவனை மன்னிப்பதாக இல்லை. சாயங்காலம் கயிற்றுக் குச்சியோடு அவன் உட்கார்ந்தால், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவனும் விடாமல் தினம் உட்கார்ந்தான். ஒருநாள் வால் நுனி மட்டும் அசைந்தது. மறுநாள் அவன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான்.

குட்டிகள் கண் திறந்ததும் ஜெயக்கொடி கூடையோடு வந்து நின்றான். “எலி பேப்பரத் தின்னு தீக்குதுடா மாப்ள. என் ஆள அனுப்பு.”

“இப்பவா? பால் மறக்க இன்னும் நாள் இருக்கு. முதல்ல உக்காரு.” அழகுபாண்டி எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். “மண்ணுத் தட்டு எங்க வைப்ப? மெஷின் பக்கத்துல வைக்காத, சத்தத்துக்கு மிரளும். தண்ணி யாரு மாத்துவா? குட்டி எல்லாத்துக்கும் தடுப்பூசி போடணும், முனியாண்டிக்கு ஆபரேஷன் பண்ணணும். விளையாட ஆள் இருக்கா?”

“என்னடா, பொண்ணக் கட்டிக் குடுக்குறவன் மாதிரி விசாரிக்கிற?”

“ஆமா. ரோட்டுல தூக்கிப் போடவா பெத்தோம்?” என்றான் அழகுபாண்டி.

அடுப்படியில் முத்துமீனா பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜெயக்கொடி வெறும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தான். “வாரேன் மாப்ள. எலிப்பொறி எங்கயாச்சும் கிடைக்குமா பாக்குறேன்.”