சரவணம்பட்டியில் பத்து சென்ட்

கடன் கேட்கப் போகிறவன் ஒன்றுமில்லாதவன் மாதிரி போகக் கூடாது என்பது குமாரசாமி கோயமுத்தூரில் கற்ற பாடம். அதனால் மகன் மதன்குமாரின் வீட்டுக் கடனுக்காக த்ரீ கிங்ஸ் வட்டாரத்துக் கடன் ஆபீசுக்குப் புறப்பட்ட அன்று, பட்டுச் சட்டை, தங்க மோதிரம், கைக்கடிகாரம் என்று சகலமும் பூட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

"பொண்ணு பாக்கவா மாமா போறோம்?" என்று மருமகள் கல்யாணி சிரித்தாள்.

"நாலு பேரு மதிக்கற மாதிரி போனாத்தான் அம்மிணி காரியம் ஆகும்."

"இந்தக் கடன் இல்லாதவங்களுக்குத்தானுங்க மாமா."

அது அவர் காதில் ஏறவில்லை. இந்த வெளிநாட்டு ஊரில், லின்ஃபீல்டில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கிறார். பிளாட் புஷ் பகுதியில் ஒரு சின்ன வீடு தகைந்திருக்கிறது. இந்த வாரம் கடன் உறுதியாகாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். முன்பணத்தில் பாதி குமாரசாமியின் ஓய்வுக்காசு. அதைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவர் நேரில் சொன்னால் நல்லது என்று வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆபீசில் இருந்த பிரேம்வதி ஃபிஜிக்காரி. நெற்றிப் பொட்டைப் பார்த்து இவர் தமிழில் ஆரம்பித்தார். அவளுக்கோ கோயில் பாட்டைத் தவிரத் தமிழ் தெரியாது. பேச்சு இங்கிலீஷுக்கு மாறியது.

"அங்கிள், இந்தப் பணத்தைப் பின்னால திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"பெத்த பிள்ளைக்குக் குடுத்தத எவனாவது திருப்பிக் கேப்பானா மேடம்? எங்களுக்கு என்ன குறை? எம்பையன் பேருலயே சரவணம்பட்டியில பத்து சென்ட் இடம் கெடக்குது!"

கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்த பிரேம்வதியின் விரல்கள் நின்றன.

அப்படி ஓர் இடமே கிடையாது. சம்பந்தம் பேசும்போது கல்யாணியின் அப்பா, "பையனுக்குன்னு என்னங்க இருக்குது?" என்று கேட்டார். அப்போது பம்ப்செட் கம்பெனி ஸ்டோர் கீப்பராக இருந்த குமாரசாமியின் வாய், தன்பாட்டுக்குப் பத்து சென்ட் வாங்கிவிட்டது. பிறகு சொல்லிச் சொல்லி அதற்குக் காம்பவுண்டுச் சுவரும் எழும்பி, ரெண்டு தென்னையும் காய்க்க ஆரம்பித்திருந்தது.

"உங்க பேர்ல நிலம் இருக்கா, மதன்?" என்றாள் பிரேம்வதி.

"எனக்கே தெரியாம எம்பேருல இடமாப்பா?" என்று மதன்குமார் அப்பாவைப் பார்த்தான்.

"எங்கப்பாகிட்ட மாமா சொன்னாருங்க," என்றாள் கல்யாணி. "ஃபாரம் போடறப்பக் கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க. மாமா பேருல இருக்குமாட்டன்னு விட்டுட்டேன்."

பிரேம்வதி பொறுமையாகச் சொன்னாள். "வழக்கமா இவ்வளவு கம்மி முன்பணத்துக்கு நாங்க கடன் தர்றதே இல்ல அங்கிள். பணம் திரும்பலைன்னா நஷ்டத்தை கவர்மெண்ட் ஏத்துக்குது, அந்தத் தைரியத்துலதான் தர்றோம். ஆனா அது எங்கயுமே வீடு நிலம் இல்லாதவங்களுக்கு. இந்தியாவுல இருந்தாலும் இருக்கறதுதான்."

"அது... அதை வித்தாச்சுங்க மேடம்."

"நல்லது. வித்த பத்திரத்தை அனுப்புங்க. பார்த்துட்டு மேல அனுப்பறேன்."

இல்லாத இடத்துக்குப் பத்திரம் எந்த ரிஜிஸ்தர் ஆபீசில் கிடைக்கும்? பக்கத்தில் கல்யாணி உட்கார்ந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த பிளாட் புஷ் வீட்டுச் சமையல்கட்டை அவள் முழம் போட்டு அளந்ததும், கிரைண்டர் இங்கே, மிக்ஸி அங்கே என்று அம்மாவிடம் போனில் சொன்னதும் குமாரசாமிக்குத் தெரியும்.

தமிழில் சொன்னார், மெதுவாக. "அம்மிணி, இடமுமில்ல, பத்திரமுமில்ல. எப்பவும் இருந்ததில்ல. உங்கப்பா கேட்டப்ப இல்லைன்னு சொல்ல நாக்கு எழல. நல்ல பொண்ணு, கை நழுவிப் போயிருமோன்னு பயம். உங்கப்பாவ ஏமாத்திப்போட்டேன் சாமி."

மதன்குமார் வாயைத் திறந்தான். கல்யாணி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். பிரேம்வதி பக்கம் திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர் பேர்ல அப்படி எந்த இடமும் இல்ல மேடம். இருந்ததும் இல்ல."

"அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பிரேம்வதி அந்தப் பட்டுச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எங்கப்பாவும் ஃபிஜியில, லம்பாசால நமக்குக் கரும்புத் தோட்டம் இருக்குன்னுதான் சொல்வார். போய்ப் பார்த்தா அவர் அங்க கூலிக்குக் கரும்பு வெட்டினவர். சரி, நிலமே இல்லைன்னு நீங்களும் மதனும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே அனுப்பறேன். மத்ததெல்லாம் சரியா இருக்கு, கிடைச்சுடும்."

காரில் மதன்குமார்தான் முதலில் வாய் திறந்தான். "இத்தன நாளா நான் ஒரு மிராசுதார். எனக்கே தெரியல பாருங்க."

கல்யாணி சிரிக்கவில்லை. "அந்த இடத்த நம்பித்தானுங்க மாமா எங்கப்பா சரின்னாரு."

"தெரியும் அம்மிணி."

"நாளைக்கு அப்பா அதப் பத்திக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"நீ எதுக்குச் சொல்லோணும்? அங்க விடிஞ்சிருக்குமா இப்போ?"

"காப்பி குடிச்சிட்டிருப்பாருங்க."

"போட்டுக் குடு."

அவள் தயங்கினாள். "இப்பவேவாங்க? வீடு முடியட்டுமே மாமா."

"வீடு முடிஞ்சா எனக்கு மறுபடி வாய் நீண்டுரும். குடு."

மதன்குமார் காரை ஓரம் கட்டி நிறுத்தினான். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"சம்பந்தி, நான் குமாரசாமி பேசறனுங்க. எல்லாரும் சௌக்கியமுங்க. இல்லீங்க, பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க, அவ தங்கமுங்க. குத்தம் எம்மேல. ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கோணும்னா நல்லாக் கோவிச்சுக்குங்க, ஆனா முழுசாக் கேக்கற வரைக்கும் போன மட்டும் வெச்சுராதீங்க."