ஸோயா சொன்ன ஒரு வசனம்

மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸோயா பிள்ளையில்லாத விதவை. 1959இல் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த ரஷ்யக்காரி. புருஷன் போரில் செத்துப்போனான். தேவாலயத்தில் இப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். சீனாவில் ரஷ்யர்கள் போட்ட ரயில் பாதையில், ஹார்பின் நகரத்துக்கு அப்பால் ஒரு சின்ன நிலையத்தில் பிறந்தவள் என்பதால், இல்லையென்று மறுக்க அந்த ஊர் ஆள் ஒருவரும் மெல்பேர்னில் இல்லை.

உண்மை வேறு. புருஷன் லீ, ரயில் எஞ்சின் திருத்துகிற சீனன். அவர்களுக்கு மீஷா என்று ஒரு மகன். அங்கிருந்த ரஷ்யர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது ஆஸ்திரேலியா விசா கொடுத்தது; ஆனால் அந்தக் காலத்து ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளை முகம் வேண்டும். மீஷாவுக்கு அப்பன் முகம். ஸோயா தாய் தகப்பனோடு முதலில் போவது, பிறகு இவர்களைக் கூப்பிடுவது என்று பேச்சு. எட்டு வயதுப் பிள்ளை ரயிலோடு ஓடி வந்ததைப் பார்த்துக்கொண்டேதான் புறப்பட்டாள்.

வந்த இடத்தில், சீனனைக் கட்டிய பெண்களைப் பற்றிச் சொந்தச் சனம் பேசிய பேச்சில் அவள் வாயடைத்துப் போனாள். ஒரு பொய் சொன்னாள். தாய் தகப்பனும் சாகும்வரை அதை மறுக்கவில்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே ஏறக்குறைய முப்பது வருடம் போயிற்று. வெட்கங்கெட்ட முப்பது வருடம்.

சீனாவின் கதவு திறந்தபிறகு கடிதம் போட்டுத் தேடினாள். லீ எப்போதோ நோயில் இறந்துவிட்டதாக மீஷா பதில் எழுதினான். 1988 ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன் அவனே வந்து இறங்கினான். விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிப்போனவள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் கமலினி. தேவாலயத்துக்குத் தெரியாததெல்லாம் கமலினிக்குத் தெரியும்.

முப்பத்தேழு வயது மனிதன் "அம்மா" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவனுடைய ரஷ்ய மொழி எட்டு வயதோடு நின்றுவிட்டிருந்தது. அதில் அவன் கொஞ்சிப் பேசியபோது ஸோயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனியும் என்னத்துக்கு அன்ரி ஒளிப்பு? ஞாயிற்றுக்கிழமை தேவாலயச் சனம் எல்லாரும் விருந்துக்கு வருவினம்தானே, சொல்லிப்போடுங்கோ," என்றாள் கமலினி.

"ஓம், சொல்லத்தான் போறன்."

ஞாயிறு மத்தியானம் மேசை நிறைய ஆட்கள். நெட்டையான ஈஸ்டர் ரொட்டி, சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள். ஸோயா வாங்கிக் கொடுத்த நீலச் சட்டையோடு மீஷா அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தான். பாட்டுக்குழுத் தலைவி தமாரா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இது ஆர், ஸோயா?"

பன்னிரண்டு முகங்களும் திரும்பின.

"எங்கட வீட்டில வேலை செய்த சீனன்ர மகன். பாவம், என்னைப் பாக்க வந்திருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் 'இல்லை, இவன் என் மகன்' என்று சொல்ல அந்த நாக்கு எழும்பவில்லை.

மீஷா ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து தமாராவின் வெறுங் கோப்பையை எடுத்தான்.

"தேத்தண்ணி கொண்டுவரட்டோ, ஸோயா அர்காதியெவ்னா?"

பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்வது ரஷ்யரின் மரியாதை. வேலைக்காரர் எஜமானியை அப்படித்தான் அழைப்பார்கள். பெற்ற பிள்ளை அழைக்காது. பின்னேரம் வரை எல்லோருக்கும் அவனே பரிமாறினான். நல்ல பணிவான பிள்ளை என்று தமாரா மெச்சிவிட்டுப் போனாள்.

விருந்தாளிகள் போனதும் அவன் குசினியில் கோப்பைகளைக் கழுவினான். ஸோயா போய் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளடா. நாளைக்கே எல்லாருக்கும் சொல்லுறன். ஒருக்கா அம்மா எண்டு கூப்பிடு."

அவன் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை.

"அப்பா நோயில சாகேல்லை. கடிதத்தில எழுத மனம் வரேல்லை," என்றான். "அறுபத்தேழில, கலாசாரப் புரட்சி நேரம், வெளிநாட்டுத் தொடர்பு இருக்கிற ஆக்களைத் தேடி ஒரு கூட்டம் வீட்டுக்கு வந்தது. அந்த ரஷ்யக்காரி உனக்கு ஆர் எண்டு கேட்டவங்கள். வீட்டு வேலைக்கு நிண்டவள் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள். நானும் அப்பிடிச் சொல்லுங்கோ அப்பா எண்டு காலைப் பிடிச்சு அழுதனான். அவர் 'என்ர மனுசி' எண்டார். அடிச்சுப்போட்டுத் திரும்பக் கேட்டாங்கள். குரல் இருக்கும் மட்டும் அதையேதான் சொன்னவர்."

ஸோயா அவன் சட்டைக் கையை விட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவள் பிறகு கேட்கவில்லை.