ஓய்வு நேரத்துத் தொதல்

கதவைத் திறந்ததுமே வாசனை சுஹைடாவின் முகத்தில் வந்து மோதியது. தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்து சுண்டி, கரிந்துவிடுவதற்குச் சற்று முன்னால் நின்றுபோன வாசனை. நோன்பின் கடைசி மாலை அது. சமையலறையில் அவள் கணவன் ருஸ்டி, பனியன் முதுகோடு ஒட்டியிருக்க, துடுப்பு மாதிரி ஒரு மரக்கரண்டியுடன் நின்றிருந்தான். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கியவன் போல முகம்.

"கண்ணை மூடுன்னு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மூக்கு பார்த்துருச்சு."

"தொதலா!"

"உங்க பாந்திங் ஊர்க்காரங்களுக்கு மட்டுந்தான் கிண்டத் தெரியும்னு நெனச்சியா? கிளந்தான்காரன் கையும் கிண்டும்."

போன வாரம் முக்காட்டைக் கழற்றிக்கொண்டே, கொட்டாவிக்கு நடுவில் அவள் சொன்னது அது. பெருநாள் நெருக்கடியில் விடுப்பு இல்லை, இந்த வருஷம் ஊரில் அப்பா வீட்டில் பெருநாளுக்குக் கிண்டும் தொதல் இனிப்பு கிடையாது, கடையில் வாங்கினால் பிளாஸ்டிக் நாற்றம். சொன்னதை அவளே மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை. பெரிய பரிசுகளுக்குத் தயாராக இருக்கும் மனசு இப்படிப்பட்டவற்றுக்குத் தயாராக இருப்பதில்லை. விரலால் விளிம்பை வழிக்கப் போனாள். நோன்பு நினைவுக்கு வந்து, கரண்டியை மட்டும் தூக்கிப் பார்த்தாள். கருப்பாக, பளபளவென்று, விழ மனமில்லாமல் தொங்கியது. ஒரு கட்டி இல்லை. அடிப்பிடிக்கவில்லை. எங்கேயாவது கொஞ்சம் கெட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஏன் தோன்றியது என முதலில் அவளுக்கே புரியவில்லை.

கிண்டத் தொடங்கினால் தொதலை விட்டு நகர முடியாது. அப்பாவும் சித்தப்பாக்களும் மாற்றி மாற்றிக் கிண்டுவார்கள். பகல் முழுக்க ஒரு ஆள் தனியாக நின்றால்தான் இது வரும்.

"அபாங், எப்போ தூங்குனீங்க?"

ஏற்கெனவே அணைத்திருந்த அடுப்பை அவன் மறுபடி அணைத்தான்.

"கொஞ்சம் கண்ணசந்தேன்."

"நின்னுக்கிட்டேவா?"

"குதிரை தூங்கலையா?"

அவள் சிரிக்கவில்லை. விமான நிறுவனத்தில் விமானிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேசை அவளுடையது. கிளம்பும்போது கூட திரையில் அவன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். இன்றைய கடைசி விமானம், கோத்தாபாரு, கேப்டன் ருஸ்டி. பச்சை நிறம். ஓய்வு எடுத்தாயிற்று என்று அர்த்தம். அவன் வீட்டில் இருந்தான் என்பது மட்டும்தான் அந்தப் பச்சைக்குத் தெரியும். நான்கு நாளாக விடியுமுன் எழுந்து பறந்தவனுக்குத் தூங்குவதற்கென்று கொடுத்த பகல் இது. திரைச்சீலையில் இடைவெளி விழாமல் துணி கிளிப் மாட்டிவிட்டுத்தான் காலையில் அவள் வேலைக்குப் போனாள்.

"ஒரு மணி நேரப் பயணம்தானே, சூ. போய் இறங்குனதும் அம்மா வீட்ல கட்டையாட்டம் விழுந்துருவேன்."

"இறங்குனதுக்கு அப்புறம் தூங்குறதப் பத்தியா நான் பேசுறேன்?"

நான்கு வருஷத்துக்குப் பிறகு அவனுக்கு அம்மாவோடு ஒரு பெருநாள் காலை. கேட்டு வாங்கியதல்ல, பணிப் பட்டியலில் அதுவாக விழுந்தது. காலையில்கூட மாமியார் அவளைக் கூப்பிட்டு, "அவன் மெத்தைய வெயில்ல போட்டுட்டேன்" என்று சொன்னார், ஏதோ விமானம் இறங்க ஓடுதளத்தைத் தயார் செய்துவிட்ட மாதிரி.

"எனக்குப் பதிலாப் பறக்க உங்க மேசையில வேற ஆள் இருக்கா?" என்று கேட்டான்.

நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "லியோங் மட்டுந்தான். அவரும் வர முடியாதுன்னா விமானம் நிக்கும்."

"அதுல ஏறுற அத்தனை பேரும் பெருநாளுக்கு ஊருக்குப் போறவங்க."

"ம்."

"அம்மா..."

"ம்."

அவன் தூங்கவில்லை என்று அவளே போன் செய்து சொல்ல முடியாது. விமானிதான் தன் வாயால் சொல்ல வேண்டும். பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தாள். அவன் ரோஜா சர்பத்தை ஊற்றினான். கோப்பை நிரம்பியது. நிரம்பிய பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தான், கோப்பையையே பார்த்தபடி. மேசையில் சிவப்பு பரவி அவன் முழங்கையைத் தொட்டது. அப்போதுதான் நிறுத்தினான்.

இருவரும் அதைத் துடைக்கவில்லை.

பிசுபிசுத்த விரலால் அவள் அலுவலக எண்ணைத் தட்டி, போனை மேசைமேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டான். அங்கே அவள் மேசையில் இப்போது ஹெல்மி. சுஹைடாவிடம் வேலை பழகியவன்.

"கேப்டன்! பெருநாள் வாழ்த்து இப்பவே சொல்லிடறேன். அக்கா தொதல் பத்திப் புலம்பிக்கிட்டிருந்தாங்களே, கிடைச்சுதா?"

"ஹெல்மி, இன்னிக்கு என்னால பறக்க முடியாது. தூங்கல."

அந்தப் பக்கம் மௌனம்.

அந்த மௌனத்தை அவளுக்குத் தெரியும். அவள்தான் ஹெல்மிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். மறுக்காதே, வாதாடாதே, சும்மா இரு. பாதிப் பேர் அவங்களாவே வந்துருவாங்க. சிரித்துக்கொண்டே சொன்னாள். மேசைக்குப் பின்னால் அது ஒரு சாமர்த்தியம். இந்தப் பக்கத்திலிருந்து அதை அவள் கேட்டதே இல்லை. ஊருக்குக் கிளம்பிய அத்தனை முகங்களும், வெயிலில் காய்ந்த மெத்தையும் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தன. ருஸ்டியின் உதடு பிரிவதைப் பார்த்தாள். என்ன வரப்போகிறது என்று தெரியும். எத்தனையோ குரல்களில் கேட்டிருக்கிறாள். பரவாயில்ல, வந்துடறேன்.

தெருமுனைப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு எழுந்தது. ஜன்னல் வழியாகவும், மெலிதாகப் போன் வழியாகவும்.

சட்டியிலிருந்து விரல்களால் ஒரு கவளம் அள்ளி அவன் வாயில் வைத்தாள். ருசி பார்க்கிற அளவு இல்லை, வாய் நிறைய. சூடு இன்னும் ஆறவில்லை. அவன் கண்கள் விரிந்தன. பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது.

"கேப்டன்? லைன்ல இருக்கீங்களா?"

"ம்ம்... ம்..."

தான் ஏதாவது பேசிவிடுவோமோ என்று பயந்து இன்னொரு கவளத்தைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். ஒருவரையொருவர் பார்த்தபடி மென்றார்கள். அவன் தோள்கள் குலுங்கின. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார்கள். பிறகு விசைப்பலகையில் விரல்கள் ஓடும் சத்தம்.

"சரி கேப்டன்" என்றான் ஹெல்மி, பெருமூச்சோடு. "படுங்க. லியோங்கக் கேட்டுப் பார்க்கிறேன்."

ருஸ்டி சர்பத்து படாத பக்கமாக மேசையில் தலை சாய்த்தான். கன்னம் அசைந்துகொண்டிருந்தது. பாங்கு முடிவதற்குள் அசைவு மெல்லக் குறைந்து, பாதி மென்றபடியே நின்றது.

அவன் கைக்கருகில் போன் அதிர்ந்தது. திரையில் 'அம்மா'. அவன் எழுந்துவிடாதபடி அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். நடந்துகொண்டே மென்றாள். வாய்க்குள் தொதல் இன்னும் கரையவில்லை.