பேர்லேண்டில் லாகோஸ் இருட்டு

மோசஸ் லாகோஸுக்கு வேலைக்குப் போன மூன்றாம் மாதத்திலிருந்து, அங்கே அவர் ஃபிளாட்டில் கரண்ட் போனால் டெக்சஸில் பேர்லேண்டில் இருந்த அவர் வீட்டிலும் போனது. பக்கத்து வீடுகளில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் நாலு மணி வெயில் கொளுத்தும். இந்த வீட்டுக்குள் மட்டும் லாகோஸின் ராத்திரி இருட்டு கும்மென்று வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடவே ஜெனரேட்டர் புகையும், தெருமுனையில் இறைச்சி சுடும் வாசனையும் வரும். கரண்ட் திரும்பும்போது அந்த ஊர்த் தெருவே சேர்ந்து "அப் நேப்பா" என்று கத்துவது சுவருக்குள்ளிருந்து கேட்கும். நேப்பா என்பது அங்கத்து மின்வாரியத்தின் பழைய பெயர். பெயர் மாறி வருஷக்கணக்காகியும், கரண்ட் வந்தால் அப்படிக் கத்துவதுதான் வழக்கம்.

மனைவி ஜெயலீலா முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வயரிங் தங்கமாக இருக்கிறது என்றார். சபைப் பாஸ்டர் வந்து ஜெபித்தார். ஜெபத்தின் நடுவிலேயே கரண்ட் போனது. கடைசியில் விஷயத்தைப் பிடித்தது எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பத்மராணி ஆன்ட்டிதான். "இது இங்கத்தைய இருட்டு இல்லைப் பிள்ளை. உம்மட அவரிட்ட ஒருக்காக் கேளும், அங்க எப்பக் கரண்ட் போனதெண்டு." கேட்டாள். அச்சாகப் பொருந்தியது.

ஜெயலீலாவின் கவலை கரண்ட் இல்லை. ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை போன பிறகு மோசஸுக்குக் கிடைத்தது லாகோஸ்தான். வருஷத்துக்கு ஒரு லீவு. மகள் பிரீத்தாவுக்கு ஒன்பது வயது. வீடியோ காலில் அவர் "சாப்ட்டியாம்மா" என்பார், அவள் ஐபேடிலிருந்து கண்ணை எடுக்காமல் "யா, ஃபைன்" என்பாள், அத்தோடு முடிந்தது. அவரும் லேசுப்பட்டவரில்லை. "இங்க எல்லாம் ஓகே" என்பதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார். அப்பா என்பவர் இந்தப் பெண்ணுக்கு வெறும் ஃபோனில் வரும் முகமாகிவிடுவாரோ என்று ஜெயலீலா பயந்தாள்.

ஒரு நாள் அந்த இருட்டில் அவர் குரலே கேட்டது. லாகோஸின் நீளப் பாலத்து டிராஃபிக்கில் ஊர்ந்து வீடு சேர்ந்து, ஆறின சோற்றைத் தின்றுவிட்டு, முழங்கால் போட்டுத் தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். "ஆண்டவரே, பிரீத்தா என்னை மறந்துடக் கூடாது. வேற எதுவும் வேணாம்." பிரீத்தா ஐபேடைக் கீழே வைத்தாள். இருட்டைப் பார்த்து, "நான் மறக்கலப்பா. ஐ ஆம் ரைட் ஹியர்" என்றாள். அங்கே அது கேட்டுவிட்டது, அந்த மனிதர் அழுதார். ஜெயலீலாவும் அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, இருட்டுதானே.

அதன் பிறகு ஃபோனில் சொல்லாததையெல்லாம் மோசஸ் இருட்டில் சொன்னார். மார்க்கெட்டில் தக்காளிக்காரம்மாவிடம் பேரம் பேசித் தோற்றது, துண்டே என்ற டிரைவர் தன் சர்ச்சுக்குக் கூட்டிப்போய் மத்தியானம் வரைக்கும் ஆடவைத்தது, அந்த ஊர் ஜொலோஃப் சோறு அவர் கைப்பட்டால் மட்டும் பொங்கலாகக் குழைந்தது. பிரீத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்கூலில் தன்னோடு யார் பேசுவதில்லை என்பதை அம்மாவிடம் சொல்லும் முன்னாலேயே அவரிடம்தான் சொன்னாள்.

மூன்றாம் வருஷம் கம்பெனி மோசஸைக் கரண்ட்டே போகாத புதுக் கட்டிடத்துக்கு மாற்றியது. அவர் ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னார். பேர்லேண்டில் விளக்குகள் பாட்டுக்கு எரிந்தன. பிரீத்தா ஸ்கூல் பையைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து விளக்கையே பார்ப்பாள். வீடியோ காலில் மறுபடியும் "யா, ஃபைன்" வந்தது. ஒரு வாரம் அதைக் கேட்டுப் பார்த்தார் மோசஸ். பிறகு ஒரு நாள் வீடியோ காலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய், மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே கீழே இறக்கினார். பேர்லேண்டில் வீடு இருண்டது.

"அப்பா?" என்றாள் பிரீத்தா.

"சொல்லும்மா" என்றார்.

இப்போதும் தினம் நாலு மணிக்கு அந்த வீடு இருண்டுபோகிறது. வருகிற விருந்தாளிகள் காபி டம்ளரைத் தடவி எடுத்துக்கொள்கிறார்கள். பத்மராணி ஆன்ட்டி அந்த ஜன்னல் இருண்டதைப் பார்த்துத்தான் டீக்குத் தண்ணீர் வைக்கிறார். புதுக் கட்டிடத்தில் மோசஸ் ஒருவருக்கு மட்டும்தான் கரண்ட் போகிறது, அதனால் அது வரும்போது கத்துவதற்கு அங்கே தெரு இல்லை. பேசி முடித்ததும் அவர் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். பேர்லேண்டிலிருந்து மகள் "அப் நேப்பா" என்று கத்திய பிறகுதான் மேலே தூக்குவார்.